உழைத்த உடலுக்கு மேலும் பயிற்சி வேண்டுமா?

“முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நாளொன்றுக்கு ஐந்நூறு மரம் தொட்டவன் நான். எனக்கா தேகப்பயிற்சி சொல்லித் தருகிறீர்கள்?”

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் எவரிடமும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய இந்த விடைதான் வரும். கேள்வி நியாயமானதே, நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. ஆனால் கேட்டு முடித்தபின் அவர் பாயிலிருந்து எழுவதைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். ஒரு கை தரையை ஊன்றும். மறு கை சுவரைத் தேடும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, இடுப்பை நிமிர்த்த இன்னும் சிறிது நேரம் ஆகும். வாழ்நாள் முழுதும் உடம்பைப் பயன்படுத்தியவருக்கு அன்றோ உடம்பு உறுதியாய் இருத்தல் வேண்டும்? அது ஏன் அவ்வாறு இல்லை?

இவ்வினாவை ஆராய்வது இன்று முன்னிலும் தேவையாயிற்று. ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. நம்மவரிற் பலர் லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடியேறினர். செம்பனை அறுவடையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே இப்போது மிகுதி. வேலை போயிற்று, ஆனால் அவ்வேலை உருவாக்கிய முதுகும் முழங்காலும் அவரோடு தாமானுக்கு வந்துவிட்டன. அங்கே அவற்றைப் பயன்படுத்தவும் வழியில்லை.

மரம் வெட்டியவரின் உடல்

பால்மரம் வெட்டுதலை உடலியக்கமாக மட்டும் நோக்குவோம். பட்டையினுள் பாலின் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே விரைவு முதல் தேவை. கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ முப்பது பாகை சரிவாக ஓடும். உளி அக்கோட்டிலே சீராக இறங்கவேண்டுமாயின், வெட்டுபவர் மரத்தை ஒட்டி நகர்ந்துகொண்டே இடுப்பைத் திருப்புதல் வேண்டும். புதுக் கோடு மார்பளவில் தொடங்கும். பட்டை குறையக் குறையக் கோடு கீழிறங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். அப்போது முதுகு வளைந்து, முழங்கால் பாதி மடங்கி நிற்கும். கீழ்ப்பட்டை தீர்ந்தபின் மேற்பட்டையில் வெட்டும்போது கழுத்து பின்னே சாய்ந்து, கை தலைக்கு மேலே நீளும். பின்னர் மங்குகளிலிருந்து பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளிற் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும்.

சிறு வயதில் பள்ளி விடுமுறையில் பாட்டியாரோடு நிரைக்குப் போன நினைவு எனக்குண்டு. அவர் மரத்துக்கு மரம் முற்றிலும் நிமிர்ந்து நடந்ததில்லை. நிமிர்ந்தால் அடுத்த மரத்தில் மறுபடி குனிய வேண்டும், அதற்கு நேரமேது? பாதி வளைந்த நிலையிலேயே அடுத்த மரத்தைச் சேர்ந்துவிடுவார்.

இதில்தான் செய்தி இருக்கின்றது. தசையும் மூட்டும் எந்தக் கோணத்தில், எவ்வளவு சுமையில் வேலை பெறுகின்றனவோ, அந்தக் கோணத்துக்கும் சுமைக்கும் மட்டுமே தம்மைப் பழக்கிக்கொள்ளும். ஐந்நூறு முறை பாதி குனிந்தவர் பாதி குனிவதற்கு வல்லவர் ஆகிறார். முழுதும் குந்தி எழவோ, முதுகைப் பின்னே சாய்க்கவோ, இடுப்பை நேராக நீட்டிச் சுமை தாங்கவோ அவர் பழகவில்லை. உளி பிடித்த கையும் அப்பக்கத் தோளும் உறுதிப்படும். தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் முதுகுத் தசைகளோ நெடுநேரம் நீண்ட நிலையிலேயே நின்று களைத்துப்போகும். உடம்பின் ஒரு பகுதி மிகையாக உழைத்தது. மற்றொரு பகுதி முப்பது ஆண்டு வேலையற்றுக் கிடந்தது.

செம்பனையில் வேலை மாறியது. உடலுக்கு நேர்ந்தது பெரிதும் மாறவில்லை. இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நம் வட்டாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தையின் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கொன்னியே. மலேயாவைப் பற்றி எழுதிய புதினத்துக்காக 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் இவரே. இளம் மரத்தில் குலையை உளியால் குத்தித் தள்ளலாம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுத்து அறுத்தல் வேண்டும். விழுந்த குலை இருபது கிலோவையும் தாண்டும். அதைக் குனிந்து தூக்கித் தள்ளுவண்டியில் இடவேண்டும். உதிரிப் பழம் பொறுக்குபவர் நாள் முழுதும் குனிந்தே இருப்பர். அறுவடையாளரிடையே மலேசிய ஆய்வாளர் நடத்திய ஆய்வுகளில் இடுப்பும் கழுத்தும் தோளும் வலியிடங்களாகத் திரும்பத் திரும்பத் தோன்றுவதில் வியப்பில்லை.

உழைப்பும் பயிற்சியும்

இனி, பயிற்சி என்பது யாது? அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலார்ம் என்பவரின் கதை இதனை விளக்கும். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கி உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோ நகரப் படை மருத்துவமனையொன்றில் முழங்கால் முறிந்த வீரர் பலர் மாதக்கணக்கில் தேறாமற் கிடந்தனர். மெலிந்த தசைக்கு இலேசான அசைவைப் பலமுறை கொடுப்பதே அக்காலத்து வழக்கம். டெலார்ம் இதனை மாற்றினார். நோயாளி பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடை எதுவெனக் கண்டறிந்து, அந்த எடையை அடிப்படையாக வைத்துப் பயிற்சி தந்தார். வாரந்தோறும் மறுபடி அளந்து எடையைக் கூட்டினார். 1945-இல் இம்முறையை வெளியிட்டார். 1948-இல் அதனை மேலும் சுருக்கி, பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து என வகுத்தார். இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர் தரும் வலுப்பயிற்சிக்கு இதுவே வேர்.

இதிலே மூன்று கூறுகள் உள. சுமை, தசைக்கு உண்மையில் கடினமாயிருத்தல், தசை வலுப்பெறுந்தோறும் சுமையும் ஏறுதல், இடையில் ஓய்வு. பயிற்சியின்போது தசை வலுப்பெறுவதில்லை; அப்போது அது களைப்பே அடைகிறது. பின்னர் உணவும் உறக்கமும் பெற்று ஓய்ந்திருக்கும் ஒன்றிரண்டு நாளில்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது.

இம்மூன்றில் தோட்ட வேலையில் எது இருந்தது? உளியின் எடை முதல் நாளும் ஒன்றே, பத்தாயிரமாவது நாளும் ஒன்றே. முதற் சில மாதங்களுக்குப்பின் வலுவைக் கூட்டத் தசைக்குக் காரணம் எதுவுமில்லை. காண்டாச் சுமையோ பாலின் அளவைப் பொறுத்தது. தூக்குபவரின் வலுவைப் பொறுத்ததன்று. ஓய்வு நாளைத் தீர்மானித்தவர் கங்காணியும் கிராணியும். ஆள் களைப்பாய் இருக்கிறார் என்பது அவர்தம் கணக்கேட்டில் ஒரு தலைப்பாக இருந்ததில்லை. ஆகவே அது உழைப்பு. மதிக்கத்தக்க உழைப்பு, இந்நாட்டின் செல்வமே அதில் எழுந்தது. ஆனால் உடலை நோக்கப் பயிற்சியன்று.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர் ஹோல்ட்டர்மனும் அவர்தம் குழுவினரும் சென்ற பல ஆண்டுகளாக இதனை எழுதி வருகின்றனர். ஓய்வு நேரத்தில் உடலியக்கம் மிக்கவர்க்கு இதய நோய் குறைகிறது. தொழிலில் உடலியக்கம் மிக்கவர்க்கோ அந்நன்மை தென்படவில்லை, சில ஆய்வுகளில் தீமையே தென்பட்டது என்பது அவர் கூற்று. வறுமையும் புகைபிடித்தலும் இக்கணக்கில் கலந்திருக்கலாம் என மறுப்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் “வேலையே பயிற்சி” என்ற நம்பிக்கையை முன்போல் ஐயமின்றிச் சொல்ல இனி இயலாது.

விறைப்பு என்பது என்ன?

நம் முதியோர் வலுவிழந்ததாகச் சொல்வது அரிது. “பிடிச்சுக்கிச்சு”, “மடக்க முடியல” என்பதே அவர்தம் முறையீடு. அதாவது நெகிழ்வு போயிற்று என எண்ணுகின்றனர். உடனே எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும், இழுத்து நீட்டுவதும் நடைபெறும். எண்ணெயைப் பழிக்க நான் வரவில்லை. சூடும் தடவலும் சில மணி நேரம் வலியைக் குறைக்கும். அன்புள்ள மகளோ பேத்தியோ தேய்த்துவிட்டால் இன்னும் குறையும். ஆனால் மறுநாள் காலையில் முழங்கால் பழைய இடத்திலேயே நிற்கும்.

ஏனெனில் விறைப்பு என்பது பெரும்பாலும் தசை குட்டையாகிவிட்டதால் மட்டும் வருவதன்று. மூட்டே தேய்ந்து உருமாறியிருப்பின் அது வேறு. அதற்கு மருத்துவரே துணை. ஏனையோரிடத்தில் நரம்பு மண்டலம் காவற்காரனைப்போல் நிற்கின்றது. எந்தக் கோணத்தில் தசைக்கு வலுவில்லையோ, அந்தக் கோணத்துக்குள் மூட்டைப் போகவிடாமல் தசையை இறுக்குகிறது, வலியையும் எழுப்புகிறது. பல வாரம் நீட்டிப் பழகியவர் கூடுதலாக வளைவது பெரும்பாலும் தசை நீண்டதால் அன்று. அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு பழகியதால் என வெப்ளரும் மாக்னசனும் 2010-இல் எடுத்துக்காட்டினர். காவற்காரனை நகர்த்தச் சிறந்த வழி, அந்தக் கோணத்திலேயே தசைக்கு வலுவைத் தந்து, அஞ்சற்க என்று காட்டுவதே.

இதற்குத் துணையாவது இறங்குமுகப் பயிற்சி. நீர் நிறைந்த வாளியைத் தூக்குகையில் தசை சுருங்கி வேலை செய்யும்; அதே வாளியை மெல்லக் கீழே வைக்கையில் தசை நீண்டுகொண்டே தாங்கும். இரண்டாவது செயலில் தசை கூடுதல் சுமையைத் தாங்கவல்லது. நீண்ட நிலையிலும் வலுப்பெறுகிறது. நாம் பொதுவாக வாளியைச் சிரமப்பட்டுத் தூக்கி, ‘தொப்’பென்று வைத்துவிடுகிறோம். பயனில் பாதியைக் கைவிடுகிறோம் என்க. மூட்டு முழு அளவும் மடங்கி நீளுமாறு செய்யும் வலுப்பயிற்சி, நீட்டற்பயிற்சிக்கு இணையாகவே நெகிழ்வைத் தருகின்றது என்று 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. எனவே வலுவுக்கு ஒரு பயிற்சி, நெகிழ்வுக்கு வேறொரு பயிற்சி என்று முதியவரைச் சுமைப்படுத்த வேண்டியதில்லை.

முழு அளவு மடங்கி நீளும் பயிற்சிக்கு நாம் மேனாட்டாரிடம் போகவும் வேண்டா. பிள்ளையார் முன்னே இடும் தோப்புக்கரணம் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் முழுதாக மடக்கி நிமிர்த்துவது. அக்காடாவில் பஸ்கி என்பதும் அதுவே. இதனை நம் பள்ளிகள் என்ன செய்தன? வீட்டுப்பாடம் எழுதாத சிறுவனுக்குத் தண்டனையாக்கின. காலமெல்லாம் காக்க வேண்டிய ஓர் அசைவை அவமானத்தோடு முடிச்சுப்போட்டு வைத்தோம். ஆசிரிய அன்பர்கள் பொறுத்தருள்க. தண்டனையாய் இட்டவர்களில் நானும் ஒருவன். சிலம்பத்துக்கு இக்குறை நேரவில்லை. இருகையாலும் கம்பைச் சுழற்றி, இருபுறமும் காலை மாற்றி வைத்து ஆடும் அக்கலை, ஒரு கைக்கே வேலை தந்த உளிக்கு நேர் எதிரானது. தோட்டத்துப் பிள்ளைகளிடையே அது இன்றும் பயிலப்படுவது நல்வாய்ப்பு.

முதுகு வலி வந்தவரைப் படுக்கவைக்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். 1986-இல் டேயோ என்னும் அமெரிக்க மருத்துவர் சாதாரண முதுகு வலிக்காரரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றவரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார். ஏழு நாள் படுத்தவர் கூடுதலாகத் தேறவில்லை. வேலை நாட்களை மட்டும் கூடுதலாக இழந்தனர். 1995-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வு, வலி பொறுக்குமளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவரே விரைந்து தேறினர் எனக் காட்டியது.

“இந்த வயதில் இனி என்ன வலு?” என்பாருக்கு ஒரு சான்று. பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய, நடக்கவே தள்ளாடிய பத்துப்பேரை மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் எட்டு வாரம் கால்களால் எடை தூக்கவைத்தார். ஒன்பது பேர் முடித்தனர். 1990-இல் வெளியான முடிவின்படி அவர்தம் கால்வலு சராசரி 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத் தசையும் பருத்தது. தொண்ணூறில் ஆவது அறுபத்தைந்தில் ஆகாதா?

வீட்டிலே செய்யத்தக்கவை

பெரிய கருவி எதுவும் வேண்டா. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியொன்றைச் சுவரோரம் வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணும் நேரம் மெல்ல இறங்கி அமர்தல் முதற் பயிற்சி. பத்து முறை எளிதாகிவிட்டால் ஐந்து எண்ணி இறங்குக. பின்னர் தாழ்ந்த முக்காலிக்கு மாறுக. அதுவும் எளிதாயின் மார்போடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்க. இவ்வழியே இறங்கி இறங்கித் தரையை அடைந்தவரும் உண்டு.

இரண்டாவது வாளி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆதலால் நீரளவே எடைக்கல்லாகும். கால்களைத் தோளளவு அகற்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலே மடிந்து, வாளியை எடுத்து நிமிர்ந்து, மெல்ல வைத்தல். மூன்று லிட்டரில் தொடங்கி வாரம் ஒரு லிட்டர் கூட்டலாம். மரம் வெட்டியவர் முதுகாற் குனிந்தே பழகியவர். இடுப்பால் மடிவது அவருக்குப் புதுப் பாடம். முதல் வாரம் பொறுமையோடு கற்பித்தல் வேண்டும்.

மூன்றாவதற்கு வேண்டுவது பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் உள் டியூப். ரப்பர் தோளை வளைத்தது. அதே ரப்பர் நிமிர்த்தட்டும்! டியூபைத் தூணிற் சுற்றி, இரு நுனியையும் பிடித்து, முழங்கைகளைப் பின்னே இழுத்துத் தோள்பட்டைகள் நெருங்குமாறு செய்து, மெல்லத் தளர்த்துக. இவற்றோடு படியின் ஓரத்தில் முன்பாதம் ஊன்றி, கைப்பிடியைப் பற்றி, குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நன்று. நடையில் தள்ளாட்டம் குறைய அது உதவும்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள். இடையே ஒரு நாளேனும் ஓய்வு. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்து, கடைசி இரண்டு முறை உண்மையில் கடினமாய் இருப்பின் அளவு சரியாகும். வலுப்பயிற்சி வாரம் இரு நாளேனும் வேண்டும் என்றும், அறுபத்தைந்தைக் கடந்தவர்க்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்து மூன்று நாள் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. தூக்கும்போது மூச்சை அடக்குதல் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு இது மிக முக்கியம். நீரிழிவு உள்ளவர் பயிற்சிக்குப்பின் பாதத்தில் புண் உண்டா எனப் பார்த்துக்கொள்க. தசையில் ஒன்றிரண்டு நாள் இருக்கும் மந்த வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சு வலி, காலில் மின்னலைப்போல் இறங்கும் வலியோடு மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முன்பே இதய நோயோ எலும்பு முறிவோ கண்டவர், தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது முறை.

ஆசிரியர்கள் ஓர் உதவி செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தாத்தா பாட்டிமாரையும் அழைத்து, முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை முழுதாக எழுகின்றனர் என மாணவரைக் கொண்டே எண்ணவைக்கலாம். அமெரிக்க முதியோருக்கு வகுத்த அளவின்படி, அறுபத்தைந்திலிருந்து அறுபத்தொன்பது வயதுக்குள் ஆணுக்குப் பன்னிரண்டும் பெண்ணுக்குப் பதினொன்றும் குறைந்த வரம்பு. அதற்குக் கீழே எண்ணிக்கை நின்றவர் விழக்கூடியவர். நாற்காலியின் பின்புறம் சுவரில் முட்டியிருக்கட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும். அன்றைய எண்ணைப் பேரனின் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் மீண்டும் எண்ணுக.